நெருங்கிய தூரம்

மலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மலை எதற்கு என்றே தெரியாது. இது கேட்டக்காவின் ஒன்பது வருஷத்து முடிவு. கேட்டாலும் சொல்லுவாள், கேட்காவிட்டாலும் சொல்லுவாள். ஒருத்தன் ரப்பர் செருப்போடு சிகரம் ஏறக் கிளம்புவான். இன்னொருத்தன் தோளில் ஸ்பீக்கரைத் தொங்கவிட்டுப் பாட்டை அலறவிட்டுக்கொண்டே போவான். நாலு மணி நேரம் கழித்து இறங்கி வந்து, ஒரு மிருகம்கூடக் கண்ணில் படவில்லையே, என்ன பூங்கா நடத்துகிறீர்கள் என்று சண்டைக்கு நிற்பான். பின்னே, இவன் வருகிறான் என்று தெரிந்து காட்டு மிருகமெல்லாம் முகம் கழுவித் தலைவாரி வரிசையில் வந்து நிற்குமா?

அவள் பெயர் வேறு. தேசியப் பூங்காவின் நடைபாதை தொடங்குகிற இடத்தில், குறுக்குக் கம்பத்தை ஒட்டிய மர அறையில் உட்கார்ந்திருப்பதால் கேட் அக்கா ஆனாள். வாய்க்கு வசதியாக அது கேட்டக்கா ஆயிற்று. எவரையும் நாலு கேள்வி கேட்காமல் மேலே விடமாட்டாள் என்பதால், கேட் ஒன்றும் இல்லை, கேள்வி கேட்ட அக்காதான் கேட்டக்கா என்று பொருள் சொல்லும் குறும்புக்காரர்களும் ஊழியர்களில் உண்டு.

வேலை என்னவோ எளிதானதுதான். ஏறும்போது பெயர், எத்தனை பேர், கூடப் போகும் வழிகாட்டியின் எண். இறங்கும்போது போனவர்கள் எல்லாரும் திரும்பினார்களா என்று எண்ண வேண்டும். அப்புறம் விலங்கு ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டு மஞ்சள் படிவத்தில் எழுத வேண்டும். படிவத்தில் ஐந்து கட்டங்கள்: விலங்கு, இடம், நேரம், நெருங்கிய தூரம், குறிப்பு. விடுமுறை நாளில் நானூறு பேர் ஏறி இறங்குவார்கள். மனிதர்களை எண்ணி முடிப்பதற்குள்ளேயே நாக்குத் தள்ளிவிடும். மாலையில் படிவங்களை உறையில் போட்டுக் கீழே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அறையைத் திறந்து நாற்காலியைக்கூடத் துடைக்கவில்லை, வெளியே ஹாரன் அடித்தது. எட்டிப் பார்த்தால் ஒரு லாரி. லாரியின் முதுகில் இரும்புக் கூண்டு. கூண்டைச் சுற்றி நாலு பேர் நின்றிருந்தார்கள்.

“கம்பத்தைத் தூக்குங்கக்கா. எட்டு மணிக்குள்ள கூண்டை வச்சாகணும்,” என்றான் லாரி டிரைவர்.

“எதுக்குக் கூண்டு?”

“காதறுந்த கரடியைப் பிடிக்கணும். ஆர்டர் வந்திருக்கு.”

கேட்டக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடது காது பாதி கிழிந்த அந்தப் பெண் கரடியை அவளுக்கு ஆறு வருஷமாகத் தெரியும். விடியற்காலையில் எதிர்ச் சரிவில் அது இறங்கிப் போவதை ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். அதன்மேல் பாசம், நேசம் என்றெல்லாம் கதை அளக்கிறவள் இல்லை அவள். மரியாதை இருந்தது. ஆறு வருஷத்தில் அது ஒருத்தரைக் கீறியதில்லை. மனித வாடை பட்டால் வந்த வழியே திரும்பிவிடும். ஊருக்குள் நடமாடுகிற எத்தனையோ பேரைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்பது அவள் கட்சி.

லாரியின் முன்பக்கத்திலிருந்து கால்நடை மருத்துவர் இறங்கி வந்தார். முப்பது வயதுப் பெண், கண்ணாடி போட்டவர், தூக்கக் கலக்கத்தோடு ஒரு காகிதத்தை நீட்டினார். கேட்டக்கா வாங்கிப் படித்தாள். ‘மேற்படி கரடி மனிதர்களை நெருங்கும் பழக்கத்துக்கு ஆளாகியுள்ளது. இரண்டு மாதங்களில் மூன்று முறை நெருங்கியுள்ளது. நெருங்கிய தூரம் முறையே இருபது அடி, பன்னிரண்டு அடி, எட்டு அடி. அச்சம் குறைந்துவருவது தெளிவு. தாக்குதல் நிகழுமுன் பிடித்து நகர விலங்குக் காட்சிச்சாலைக்கு நிரந்தரமாக மாற்ற உத்தரவிடப்படுகிறது.’ பின்னால் மூன்று மஞ்சள் படிவங்களின் நகல் குத்தியிருந்தது. மூன்றிலும் இருந்தது அவள் கையெழுத்து.

“இது நான் எழுதினதாச்சே.”

“ஆமாங்க்கா. உங்க ரெக்கார்டு ரொம்பச் சுத்தமா இருக்கு, அதனாலதான் உடனே முடிவெடுக்க முடிஞ்சுதுன்னு ஆபீஸ்ல பாராட்டினாங்க,” என்றார் மருத்துவர்.

பாராட்டாம். கேட்டக்காவுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. இதற்குப் பதில் கன்னத்தில் ரெண்டு வைத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள்.

“டாக்டரம்மா, இது கரடி நெருங்கின தூரம் இல்ல. ஜனங்க நெருங்கின தூரம்.”

மருத்துவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி படித்தார். “அப்படி இதுல இல்லையேக்கா.”

“இப்படியும் இல்லையே. கட்டத்துல அச்சடிச்சிருக்கிறது ‘நெருங்கிய தூரம்’, அவ்வளவுதான். கீழ வர்றவங்ககிட்ட, எவ்வளவு கிட்டப் போனீங்கன்னு கேட்டேன். எட்டடின்னு பல்லைக் காட்டிக்கிட்டுச் சொன்னாங்க. எட்டுன்னு எழுதினேன். நெருங்கினது இவங்க. அது நின்ன இடத்துல நின்னுச்சு.”

மருத்துவரின் தூக்கம் கலைந்துவிட்டது. நல்ல மனுஷிதான், ஆனால் கையில் இருப்பது மேலிடத்து உத்தரவு. கொஞ்ச நேரம் கூண்டையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நான் கூண்டை வைக்காம இருக்க முடியாது. உத்தரவை நிறுத்தணும்னா கீழ துணை வார்டன்தான் நிறுத்தணும். ஒண்ணு செய்றேன். கரடி விழுந்தாலும் மதியம் ஒரு மணி வரைக்கும் மயக்க ஊசி போட மாட்டேன். ஊசி போட்டு வண்டியில ஏத்திட்டா, அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல.”

கம்பத்தைத் தூக்க கேட்டக்காவுக்குக் கை வரவில்லை. தூக்காமல் நின்றால் டிரைவரே இறங்கித் தூக்கிவிடுவான், நேரம்தான் வீண். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். லாரி போனதும் ஏறுபாதைப் பதிவேட்டைக் கையில் எடுத்தாள். பாதை பெருக்குகிற அம்மாவிடம், “நான் வர்ற வரைக்கும் உட்காருங்க, ஸ்பீக்கரோட வர்றவனை மட்டும் உள்ள விடாதீங்க,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அவள் வீட்டுக்காரர் ஊழியர்களின் ஜீப்பை ஓட்டுகிறவர். காலை முறைக்காரர்களை மேலே இறக்கிவிட்டு வெறும் வண்டியாகக் கீழே திரும்ப இருந்தார். அவள் ஏறி உட்கார்ந்த வேகத்திலேயே வீட்டுக்காரருக்கு விஷயம் சாதாரணமில்லை என்று புரிந்துவிட்டது. இருபது வருஷத்துக் குடித்தனம், கதவைச் சாத்துகிற சத்தத்திலேயே கோபத்தின் அளவு தெரியும் அவருக்கு.

வளைவுகளில் ஜீப் இறங்க இறங்க அவள் பதிவேட்டைப் புரட்டினாள். படிவத்தில் இருந்த மூன்று தேதிகள். அந்தத் தேதிகளில் அந்த நேரத்தில் மேலே இருந்த குழு எது, கூட்டிப்போனது யார் என்று பார்த்தால் போதும். முதல் தேதி, வழிகாட்டி எண் பதினாலு. இரண்டாவது தேதி, பதினாலு. மூன்றாவதைப் பார்க்கவே வேண்டாம், அவளுக்கே தெரியும். இருந்தாலும் பார்த்தாள். பதினாலுதான்.

“யாரு?” என்றார் வீட்டுக்காரர்.

“உங்க மச்சான்.”

வண்டியின் வேகம் குறைந்தது. “உன் தம்பிதான்னு தெரிஞ்சுதான் இப்பப் போறியா?”

“மூணும் அவன்தான்னு இந்த நிமிஷம்தான் தெரிஞ்சுது. வண்டியை மிதிங்க.”

தம்பிக்குப் பேருந்து நிலையத்தில் ‘கரடி உறுதி’ என்று பட்டப்பெயர். வந்து இறங்குகிற கூட்டத்தைப் பார்த்து, “என்கூட வந்தா கரடி உறுதி சார்” என்பான். மற்ற வழிகாட்டிகள், சும்மா கரடி விடுகிறான் என்று சிரிப்பார்கள். ஆனால் அவன் விட்டது நிஜக் கரடி. மூன்று பக்கமும் பாறை எழும்பிய ஒரு பள்ளம் மேலே இருக்கிறது. காலையில் கரையான் புற்றைக் கிளற அந்தக் கரடி உள்ளே போகும். உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே வாய். தம்பி தன் கூட்டத்தைக் கொண்டுபோய் அந்த வாயில் வரிசையாக நிறுத்திவிடுவான். அது எங்கே போகும்? எழுந்து நின்று பார்க்கும். இவர்கள் படம் எடுப்பார்கள். ஒரு அடி, இன்னும் ஒரு அடி என்று கிட்டே போய் எடுப்பார்கள். மூன்றாம் தடவை இறங்கி வந்தபோது அவனே இதைப் பெருமையாகச் சொன்னான். “அறிவு இருக்காடா உனக்கு?” என்று எல்லார் முன்னாலும் கத்தினாள். “அது நம்ம ஆளுக்கா, ஒண்ணும் பண்ணாது,” என்று சிரித்தான். கத்தினாளே தவிர, அன்றைக்கே அவன்மேல் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. கூடப்பிறந்தவன் என்று விட்டுவிட்டாள். ஜீப்பில் உட்கார்ந்து அதை நினைக்க நினைக்கத் தன்னையே நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது.

தலைமை அலுவலக வரவேற்பறையில் பஞ்சு அடைத்த கரடி ஒன்று கண்ணாடிக் கண்ணோடு நிற்கும். அதன் வாயில் கையை விட்டுக்கொண்டு ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. கேட்டக்கா அவர்களை ஒரு பார்வை பார்த்தாள். அந்த ஆள் கையை எடுத்துவிட்டான்.

துணை வார்டன் அறைக்கு வரவே மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. அவர் இந்தப் பூங்காவுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சட்டை மடிப்புக் கலையாத மனிதர். பக்கத்து மேசையில் பெரிய கிளார்க், இருபது வருஷமாக அதே நாற்காலி. படிவத்தை வடிவமைத்தவர் அவர்தான். கேட்டக்கா மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். துணை வார்டன் கிளார்க்கைப் பார்த்தார்.

“நெருங்கிய தூரம்னா மிருகம் நெருங்கிய தூரம்தான் சார். அதுல என்ன சந்தேகம்? பேப்பர் முழுக்க மிருகத்தைப் பத்திதானே கேட்டிருக்கு,” என்றார் கிளார்க்.

“சந்தேகம் உங்களுக்கு இல்ல. எனக்கும் இல்ல,” என்றாள் கேட்டக்கா. “அதான் வினை. நீங்க ஒண்ணு நினைச்சு அச்சடிச்சீங்க, நான் ஒண்ணு நினைச்சு எழுதினேன். நேத்து பார்த்த டாக்டர்னு ஒருத்தர் சொன்னா, டாக்டர் அவரைப் பார்த்தாரா, அவர் டாக்டரைப் பார்த்தாரா?”

“ரெண்டும் ஒண்ணுதானே.”

“டாக்டருக்கு ஒண்ணு. கரடிக்கு ஒண்ணா?”

துணை வார்டன் சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். படிவத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். உதடு அசைய அந்த இரண்டு சொற்களையும் ரெண்டு தடவை படித்தார். மனிதர் முட்டாள் இல்லை.

“நீங்க சொல்றதுல நியாயம் இருக்கும்மா. ஆனா எழுத்துல இருக்கிற உத்தரவை வாய்ப்பேச்சுல ரத்து பண்ண முடியாது. மூணு தடவையும் நெருங்கினது மனுஷங்கதான்னு நீங்க எழுதித் தரணும். அப்படி எழுதினா, அது வழிகாட்டியோட குத்தம் ஆகும். மிருகத்துக்கு நூத்தம்பது அடிக்குள்ள ஆளைக் கூட்டிட்டுப் போகக் கூடாது. மூணு தடவைன்னா உரிமம் நிரந்தரமா ரத்து. யாரு அந்த வழிகாட்டி?”

“எண் பதினாலு.”

கிளார்க்குக்குப் பதினாலு யார் என்று தெரியும். சட்டென்று தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

“கூப்பிட்டு விசாரிச்சுட்டு எழுதலாம். நாளைக்கு வரச் சொல்லவா?” என்றார் துணை வார்டன்.

“ஒரு மணிக்கு ஊசி போட்டுடுவாங்க சார். நானே கூப்பிடுறேன். பஸ் நிலையத்துலதான் நிப்பான்.”

பத்து நிமிஷத்தில் வந்துவிட்டான். கழுத்தில் உரிம அட்டை, தலையில் தொப்பி, ஏதோ நல்ல சேதிக்குக் கூப்பிட்டது போல முகம். நடையில் நிறுத்தி, கேட்டக்கா நடந்ததை நாலே வாக்கியத்தில் சொன்னாள். முகம் தொங்கிப்போயிற்று.

“அக்கா, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே? கரடியைக் கொல்லவா போறாங்க? காட்சிச்சாலையில வேளா வேளைக்குச் சாப்பாடு போடுவாங்க.”

“உன்னைக் கொண்டுபோய் ஒரு ரூம்ல பூட்டி வேளா வேளைக்குச் சாப்பாடு போடட்டுமா? காலம் பூரா?”

“எனக்கு வேற என்ன தொழில் தெரியும்? ரெண்டு பொண்ணு இருக்கு எனக்கு. உனக்குத் தெரியாததா?”

“தெரியும். பள்ளத்து வாயில ஏழு பேரை நிறுத்தினப்ப அந்த ரெண்டு பொண்ணு ஞாபகம் உனக்கு வரலையா? அது பாய்ஞ்சிருந்தா முதல்ல போறது நீதான்.”

“பாயலையே.”

“பாயலை. அதுக்குத்தான் இன்னைக்கு அதுக்குக் கூண்டு.”

அவன் தொப்பியைக் கழற்றிக் கசக்கினான். குரலைத் தணித்துக்கொண்டான். “பேசாம இருந்துடுக்கா. ஒரு வார்த்தைதானே. ரெண்டு விதமாவும் படிக்கலாம்னு நீயே சொல்றே. அவங்க படிச்ச மாதிரியே இருந்துட்டுப் போகட்டும். கரடி வந்து இல்லைன்னு பேசவா போகுது?”

“அது பேசாதுன்னுதான் நான் வந்திருக்கேன்.”

அவள் கண் கலங்கியிருந்தது. அழுகை இல்லை, ஆத்திரம். அவனுக்கு உரிமம் வாங்கிக் கொடுக்க இதே நடையில் ரெண்டு நாள் காத்துக் கிடந்து, இவன் நல்லவன், நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டவள் அவள்தான். அந்தக் கையெழுத்துக்கு அவன் காட்டிய மரியாதை இது. உள்ளே போகலாம் வா என்று சொல்ல வாயெடுப்பதற்குள், அவனே கதவைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

“சார், அக்காவுக்குக் கரடின்னா பாவம் பாக்குற மனசு. நான் நேர்ல இருந்தவன். அதுதான் சார் எங்களை நோக்கி வந்துச்சு. ஆதாரம் இருக்கு,” என்று கைப்பேசியை நீட்டினான்.

துணை வார்டன் வாங்கிப் பார்த்தார். கரடி நிமிர்ந்து நிற்கிறது. முகம் நேராகப் படத்தைப் பார்க்கிறது, ஒரு கால் முன்னால் எடுத்து வைத்திருக்கிறது. கிழிந்த காதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. துணை வார்டனின் முகத்தில் சந்தேகம் வந்துவிட்டது. கிளார்க் எட்டிப் பார்த்து, “வர்ற மாதிரிதான் சார் இருக்கு,” என்றார், யாரும் கேட்காமலே.

கூடப்பிறந்தவன் கண்ணெதிரே நின்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான். கோபம் வந்த வேகத்தில் கேட்டக்கா கைப்பேசியைப் பிடுங்கி வீசியிருப்பாள். பிடுங்கினாள், ஆனால் வீசவில்லை. விரலால் படத்தை விரித்துப் பெரிதாக்கினாள்.

“சார், கரடியைப் பாக்காதீங்க. அதுக்குப் பின்னாடி பாருங்க. என்ன இருக்கு?”

“பாறை.”

“இடது பக்கம்?”

“பாறைதான்.”

“வலது பக்கமும் பாறை. அப்ப வெளிய வர வழி எங்க இருக்கு? படம் எடுத்தவன் நிக்கிற இடம்தான் வழி. ஒரே வழி. நீங்க இந்த ரூமுக்குள்ள இருக்கீங்க, வாசல்ல ஏழு பேர் அடைச்சுக்கிட்டு நிக்கிறோம். நீங்க எழுந்து வாசலைப் பாத்து ஒரு அடி வைக்கிறீங்க. எங்களை அடிக்க வர்றீங்களா, வீட்டுக்குப் போகப் பாக்குறீங்களா?”

துணை வார்டன் தன்னையறியாமல் வாசலைப் பார்த்தார். அங்கே தம்பி நின்றிருந்தான். ஒதுங்கி நின்றான்.

“எழுதுங்கம்மா,” என்றார் துணை வார்டன்.

வெள்ளைத்தாள் வந்தது. கேட்டக்கா நின்றபடியே எழுதினாள். மூன்று தேதி, மூன்று தூரம். மூன்றிலும், ‘மனிதர்கள் கரடியை நெருங்கினார்கள், கரடி மனிதர்களை நெருங்கவில்லை’ என்று முழு வாக்கியமாக, இனி எந்தக் கிளார்க்கும் எந்தப் பக்கமும் திருப்பிப் படிக்க முடியாதபடி எழுதினாள். கூட்டிச் சென்றவர் என்ற இடத்தில், ‘வழிகாட்டி எண் பதினாலு, என் தம்பி’ என்று எழுதினாள்.

“உறவெல்லாம் எழுத வேண்டியதில்லம்மா.”

“இருக்கட்டும் சார். பின்னால தெரிஞ்சு, மறைச்சுட்டாள்னு இதைக் கிழிச்சுப் போடக் கூடாது பாருங்க.”

துணை வார்டன் வயர்லெஸ்ஸில் மேலே கூப்பிட்டார். மணி பன்னிரண்டு நாற்பது. கரகரப்புக்கு நடுவில் மருத்துவரின் குரல் கேட்டது. கரடி பத்தரைக்கே கூண்டில் விழுந்துவிட்டதாம். கம்பியை முட்டி முட்டி மூக்கில் ரத்தமாம். ஊசியைத் தயார் செய்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். “திறந்து விடுங்க, உத்தரவு ரத்து,” என்றார் துணை வார்டன். கொஞ்ச நேரம் கரகரப்பு மட்டும் வந்தது. அப்புறம், “போயிடுச்சு சார், ஒரே ஓட்டம்,” என்றது குரல்.

கேட்டக்கா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தம்பி கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தான். ரொம்ப மெதுவாக வைத்தான். துணை வார்டன் அதை எடுத்து இழுப்பறையில் போட்டுக்கொண்டு, மேல்முறையீடு செய்ய முப்பது நாள் இருக்கிறது என்றோ என்னவோ சொன்னார். அவன் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“திருப்திதானே?”

“என் மூஞ்சியைப் பாத்தா திருப்தி மாதிரியா இருக்கு?”

“என் பேரை எழுதினியே, உன் பேரையும் எழுதிக்கோ. எட்டடி பத்தடின்னு ஒன்பது வருஷமா எழுதினவ நீ. எங்களுக்காவது அந்தப் பேப்பர் எங்க போகுதுன்னு தெரியாது. தினம் உறையில போட்டு ஒட்டுறவளுக்குக் கேக்கத் தோணலையா? மேட்டுப் புல்வெளியில ஒரு சிறுத்தை இருந்துச்சே, அது எங்க? குட்டி போட்ட கரடி ஒண்ணு இருந்துச்சே, அது? தானா வேற மலைக்குப் போயிடுச்சுன்னு நினைச்சியா?”

அப்படித்தான் நினைத்திருந்தாள். மிருகம்தானே, ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே என்று தன் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். எதையெதையோ துருவித் துருவிக் கேட்கிறவள், இதைக் கேட்டதில்லை. கிளார்க்கைத் திரும்பிப் பார்த்தாள். அவர் காகிதக் கட்டுக்கு நாடா கட்டுவதில் மும்முரமாக இருந்தார். கட்டி முடித்த கட்டை மறுபடி அவிழ்த்துக் கட்டினார்.

“இவன் சொல்றது நிஜமா?”

கிளார்க் எழுந்து அலமாரியைத் திறந்து கீழ்த்தட்டிலிருந்து ஒரு கோப்பை எடுத்து அவள் முன்னால் வைத்தார். ஏழு உத்தரவுகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் மூன்று மஞ்சள் படிவம். சிறுத்தை ஒன்று, கரடி நாலு, காட்டுப்பூனை, ஒற்றைக் கொம்பு ஒடிந்த மலையாடு. ‘மனிதர்களை நெருங்கும் பழக்கம்’ என்று எல்லாவற்றிலும் ஒரே வரி. அந்த மலையாட்டை அவளுக்கு நினைவிருந்தது. ஒரு கல்லூரிக் கூட்டம் அதைப் பாறை விளிம்பு வரைக்கும் துரத்திவிட்டு வந்து, கைதட்டிச் சிரித்துக்கொண்டே ஆறடி என்று சொன்னார்கள். அவள் அவர்களைத் திட்டித் தீர்த்துவிட்டு ஆறு என்று எழுதினாள். படிவத்தின் குறிப்புக் கட்டத்தில், ‘ஜனங்கள் சுற்றி வளை’ என்று பாதிச் சொல் இருந்தது. அதற்கு மேல் எழுத அந்தக் கட்டத்தில் இடம் இல்லை.

தம்பி வாசலில் நின்றிருந்தான். போகலாம் என்று கிளம்பியவன் போகாமல் நின்றான். அக்கா தன்னைத் திட்டுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

“அதெல்லாம் முடிஞ்சுபோன ஃபைல்மா,” என்றார் துணை வார்டன் தணிந்த குரலில். “எனக்கு முன்னாடி நடந்தது. இன்னைக்கு நீங்க செஞ்சதே பெரிய விஷயம். வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க.”

“இந்த ஏழுல எத்தனை உசிரோட இருக்கு?”

துணை வார்டனுக்குத் தெரியவில்லை. கிளார்க்குக்குத் தெரிந்திருந்தது. “நாலு செத்துப்போச்சு. முதல் வருஷத்துலயே. அடைச்சு வச்சா சில மிருகம் சாப்பிடாது,” என்றார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, “மூணு இருக்கு,” என்றார்.

கேட்டக்கா கோப்பின் நாடாவை முழுக்க அவிழ்த்துப் படிவங்களை மேசையில் பரப்பினாள். துணை வார்டனின் பேனா இன்னும் அவளிடம்தான் இருந்தது.

“பேப்பர் கொடுங்க. உசிரோட இருக்கிற அந்த மூணையும் முதல்ல எழுதுறேன்,” என்றாள்.